சித்த மருந்தும் இங்கிலீஷ் மருந்தும்: எங்கள் ஓபியில் தினமும் கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மாவட்டத்தில் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சித்த மருத்துவராக இருக்கிறேன். என் அறைக்கும் எம்பிபிஎஸ் டாக்டர் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் சுகர் மாத்திரை வாங்கியவர், அதே சீட்டோடு இந்தப் பக்கம் வந்து மூட்டுவலிக்குத் தைலம் கேட்பார். நெல்லிக்குப்பம், பண்ருட்டி, முதுநகர், பாகூர் என்று எங்கிருந்து வந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். நேரில் அவசரமாகச் சொல்வதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

இரண்டு மருந்தையும் சேர்த்துச் சாப்பிடலாமா, டாக்டரம்மா?

சிலவற்றைச் சாப்பிடலாம், சிலவற்றைக் கூடாது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம் இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே சேர்த்துத்தான் சாப்பிடுகிறீர்கள். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியுமா என்பதுதான் என் கவலை.

கெடிலக் கரையோர ஊரிலிருந்து ஓர் அம்மா வருவார், அறுபது வயதுக்கு மேல். சுகருக்குக் கிளிமெபிரைடு மாத்திரை சாப்பிடுகிறவர். ஒருநாள் காலை அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். சேலைத் தலைப்பு நனையும் அளவுக்கு வியர்வை, கை நடுக்கம், பேச்சும் குழறியது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 48. உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, பக்கத்து அறை டாக்டரைக் கூப்பிட்டு குளுக்கோஸ் ஏற்றினோம். தெளிந்த பிறகு மெல்லக் கேட்டதில், பதினைந்து நாளாகச் சிறுகுறிஞ்சான் பொடியைக் காலையும் இரவும் சாப்பிட்டு வந்தாராம். நாத்தனார் வாங்கிக் கொடுத்தது. மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே பொடியையும் சாப்பிட்டிருக்கிறார். மாத்திரையும் வேலை செய்தது, பொடியும் வேலை செய்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன என்பது ஒருவருக்கும் தெரியவில்லை.

சிறுகுறிஞ்சான், ஆவாரை, வெந்தயம், பாகற்காய் எல்லாமே சர்க்கரையைக் குறைக்கக் கூடியவை. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இவற்றை மருந்தளவில் தொடங்கினால், தொடங்கிய வாரத்திலிருந்தே சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் மாத்திரையின் அளவை டாக்டர் குறைப்பார், நீங்களாகக் குறைக்காதீர்கள். பிரஷர் உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிடக் கூடாது. அது பிரஷரை ஏற்றும், ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். இதய வால்வு ஆபரேஷன் ஆகி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எங்களிடம் கேட்காமல் எந்தச் சூரணத்தையும் தொடாதீர்கள். பூண்டு, இஞ்சி, மஞ்சள் குழம்பில் இருக்கலாம். மருந்தாகக் கரண்டிக் கணக்கில் எடுத்தால் ரத்தம் உறையும் அளவு மாறிப்போகும்.

அரை மணி நேரம் இடைவெளி விட்டால் போதும் என்கிறார்களே?

வயிற்றுக்குள் நடக்கும் மோதலுக்கு மட்டும்தான் இடைவெளி உதவும். இரும்புச்சத்து மாத்திரையோடு திரிபலா எடுத்தால் கடுக்காயின் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது. இரண்டு மணி நேரம் தள்ளி எடுங்கள். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் தனியாகத்தான் போக வேண்டும். ஆனால் மேலே சொன்ன சர்க்கரை விஷயம் ரத்தத்தில் நடப்பது. அங்கே அரை மணி நேரமும் ஒன்றுதான், மூன்று மணி நேரமும் ஒன்றுதான்.

மூலிகைக்குப் பக்க விளைவு கிடையாது, சரிதானே?

சரியில்லை. சித்த மருத்துவம் படித்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். எங்கள் பாடத்தில் நஞ்சு நூல் என்றே ஒரு பாடம் இருக்கிறது. சேராங்கொட்டை, எட்டிக்கொட்டை, நாபி என்று ஒவ்வொன்றையும் எப்படிச் சுத்தி செய்வது, அதாவது நஞ்சை நீக்குவது, சுத்தி தவறினால் என்ன ஆகும் என்று படித்துவிட்டுத்தான் வெளியே வருகிறோம். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கைத் தின்றால் உயிர் போகும். அதே செடியில் இருக்கும் கால்ச்சிசின்தான், இங்கிலீஷ் மருத்துவத்தில் கவுட் வாதத்துக்கு மிகச் சிறிய அளவில் மாத்திரையாகக் கொடுக்கப்படுகிறது. ஒரு பொருள் உடம்பில் வேலை செய்யும் என்றால், அளவு தப்பினால் கெடுதலும் செய்யும்.

சிறுநீரகக்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆடுதின்னாப்பாளை நம் பக்கத்து வயல்வரப்பில் சாதாரணமாகக் கிடக்கும் செடி. ஆடு தின்னாத பாளை என்பதுதான் பெயர். அதிலும் அதன் இனச் செடிகளிலும் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது உறுதியாகத் தெரிந்துவிட்டது. பழைய நூலில் இருக்கிறதே என்று இன்றைக்கு அதை உள்ளுக்குக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். நம் முன்னோர்களிடம் சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை வசதி இல்லை, நம்மிடம் இருக்கிறது.

பாதரசம், கந்தகம், ஈயம் சேரும் பற்பம், செந்தூரம் எல்லாம் பதிவு பெற்ற மருத்துவர் எழுதிக் கொடுத்து, உரிமம் பெற்ற நிறுவனத்தில் தயாரானதாக இருக்க வேண்டும். டப்பாவில் உரிம எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, உட்பொருட்கள் எல்லாம் அச்சாகியிருக்கும். நச்சுப்பொருள் சேர்ந்த மருந்தானால், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் சித்த மருந்துக்கும் பொருந்தும். செய்தித்தாளில் மடித்துக் கொடுக்கும் பொடிக்கு இது எதுவும் கிடையாது. என் சொந்த அத்தையே அப்படி மடித்துக் கொடுத்த மூட்டுவலிப் பொடியை இரண்டு வருடம் சாப்பிட்டார். வலி போய்விட்டது, முகம் உப்பிவிட்டது. பரிசோதித்த டாக்டர் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார். இன்றுவரை எங்கள் குடும்பத்தில் அந்தப் பேச்சு வந்தால் எனக்குத் தலைகுனிவாக இருக்கிறது. வீட்டிலேயே சித்த மருத்துவர் இருந்தும் அவர் என்னிடம் காட்டவில்லை.

மஞ்சள் காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கிடையாதாமே? கீழாநெல்லி போதுமா?

முதலில் என்ன காமாலை என்று தெரிய வேண்டும். கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்தச் சமயத்தில் யார் எதைக் கொடுத்தாரோ அவருக்குக் கைராசிக்காரர் என்ற பெயர் வரும். ஹெபடைடிஸ் பி கதை வேறு. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் கீழாநெல்லியை வைத்துச் செய்த ஓர் ஆய்வு லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. பலருக்கு வைரஸ் நீங்கியதாக அது சொன்னதும் உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னால் மற்ற இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அதே பலன் கிடைக்கவில்லை. கீழாநெல்லி மேல் எனக்கு மதிப்பு உண்டு. அதற்காக இல்லாத பலனைச் சொல்ல மாட்டேன். ஹெபடைடிஸ் பி கிருமியைக் கட்டுப்படுத்த இன்று நல்ல மாத்திரைகள் இருக்கின்றன.

மூன்றாவது, பித்தக்குழாய் அடைப்பால் வரும் காமாலை. மலம் வெளிறிப் போகும், உடம்பெல்லாம் அரிப்பு இருக்கும். அடைப்பது கல்லாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். அதற்கு ஸ்கேன்தான் வழி. நாற்பது நாள் பத்தியம் இருந்துவிட்டு வந்தால் அறுவை செய்யும் கட்டம் தாண்டிவிட்டிருக்கும். அப்புறம், கண்ணில் சாறு விடுவது, கையில் சூடு வைப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

பாம்பு கடித்தால் முதலில் பச்சிலையா, ஆஸ்பத்திரியா?

ஆஸ்பத்திரிதான். 108ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரத் தாமதமானால் கிடைத்த பைக்கில் நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோங்கள். கட்டுப்போட வேண்டாம், கீற வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்தால் போதும்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் சருகு கூட்டும்போதும், நெல் வயலில் இரவு தண்ணீர் பாய்ச்சும்போதும் கடி வாங்குகிறவர்கள் அதிகம். வந்தவுடன் என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் மேசையில் வைப்பார்கள். பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் உறைந்திருக்க வேண்டும். தண்ணீர் மாதிரி வழிந்தால், விரியன் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்த 20 நிமிடம் குடும்பமே அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கட்டுவிரியன் கடியில் இந்தச் சோதனை எதையும் காட்டாது. கடித்த இடம்கூடச் சரியாகத் தெரியாது. வயிற்றுவலி வரும், இமை சொருகும், அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். விஷம் ஏறிய அறிகுறி தெரிந்தால் விஷமுறிவு மருந்தை வழக்கமாக எட்டு முதல் பத்து குப்பி வரை முதலில் ஏற்றுவார்கள். எந்தப் பச்சிலையும் அந்த வேலையைச் செய்யாது.

இந்த விஷமுறிவு மருந்தை இங்கிலீஷ் மருந்து என்று மட்டும் நினைக்காதீர்கள். அதைச் செய்ய முதலில் பாம்பு விஷம் வேண்டும். ஈசிஆர் ரோட்டில் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து இருக்கிறது. தடம் பார்த்து, வளையைப் பார்த்து உள்ளே இருப்பது எந்தப் பாம்பு என்று சொல்லிவிடும் இருளர்கள், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கிலிருந்தும் விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள். எடுத்தபின் பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்துத்தான் மருந்து செய்கிறார்கள். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கடலூர், விழுப்புரம், புதுச்சேரி மூன்றிலும் இருளர் குடியிருப்புகள் உண்டு. மரபறிவும் நவீன மருத்துவமும் சேர்வது பற்றி யார் பேசச் சொன்னாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். அந்த அறிவு இல்லாவிட்டால் அந்தக் குப்பியே இல்லை.

எலும்பு முறிவுக்கு நாட்டுக் கட்டு கட்டலாமா?

எக்ஸ்ரே எடுத்துவிட்டு வாருங்கள், பேசலாம். எலும்பு வெளியே தெரிந்தால், மூட்டுக்குள் முறிந்திருந்தால், வயதானவரின் இடுப்பெலும்பு என்றால் பேச்சே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. எங்கே கட்டியிருந்தாலும் சரி, கட்டுக்குக் கீழே விரல்கள் குளிர்ந்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, மரத்துப் போனாலோ, விரலை நீட்டும்போது உயிர் போகும் வலி வந்தாலோ அந்த நிமிடமே கட்டை அவிழ்க்க வேண்டும். குழந்தைகளுக்கு முழங்கையில் இறுக்கிக் கட்டி, கை சூம்பிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளைக்கருவும் குற்றவாளி இல்லை, இறுக்கம்தான். மாவுக்கட்டு இறுகினாலும் இதேதான் நடக்கும்.

டெங்குக் காய்ச்சலுக்கு நிலவேம்பு?

குடிக்கலாம். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பர்ப்பாடகம் என்று ஒன்பது சரக்கு சேர்ந்த குடிநீர் அது. அன்றன்று காய்ச்சியதாக இருக்கட்டும். ரத்தப் பரிசோதனையை அதற்காக விட்டுவிடக் கூடாது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் கவனிக்க வேண்டிய நாள். அன்று வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்வு, சிறுநீர் குறைவது என்று எது வந்தாலும் உடனே அட்மிட் ஆக வேண்டும்.

சித்தாவில் எதற்கு நம்பி வரலாம்?

மூட்டுத் தேய்மானம், கழுத்துவலி, இடுப்புவலிக்குத் தைலமும் தொக்கணமும் (சித்த முறை மசாஜ்) நன்றாகக் கேட்கும். பக்கவாதம் வந்தவர்களுக்கு முதல் சில மணி நேரம் ஆஸ்பத்திரிக்குச் சொந்தம். அதன்பிறகு பிசியோதெரபியோடு சேர்த்து எங்கள் புறமருத்துவத்தையும் செய்கிறோம். காளாஞ்சகப்படைக்கு (சோரியாசிஸ் தோல்நோய்) வெட்பாலைத் தைலம் கொடுக்கிறோம். இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும், பார்க்கவே அழகாக இருக்கும். ஆனால் அதே நோய்க்கு ஏற்கெனவே ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சட்டென்று நிறுத்தினால் நோய் பல மடங்கு கிளம்பும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதைக் குறைப்பது தோல் டாக்டர் பொறுப்பு.

வள்ளலார் சொன்ன கரிசலாங்கண்ணியைத் தினமும் சாப்பிடலாமா?

வடலூர் பக்கத்து மக்கள் தவறாமல் கேட்பது இது. கீரையாகத் தாராளமாகச் சாப்பிடுங்கள். வார்ஃபரின் எடுப்பவர்கள் மட்டும் எந்தக் கீரையானாலும் வாரா வாரம் ஒரே அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேன்சருக்கு நித்யகல்யாணி வேர்க் கசாயம் குடிக்கலாமா?

கூடாது. அந்தச் செடியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் ஊசிகள் வந்தன, உண்மை. ஆனால் ஒரு சிறு குப்பி மருந்துக்கே மூட்டை மூட்டையாக இலை வேண்டும், அதையும் உடம்பின் பரப்பளவைக் கணக்கிட்டு மில்லிகிராம் கணக்கில் நரம்பில் ஏற்றுகிறார்கள். கசாயத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள், வாய்ப்புண், மலச்சிக்கல், தூக்கமின்மைக்கு ஏதாவது கேட்டு வாருங்கள்; அவர்களிடமும் சொல்லிவிட்டுத் தருகிறேன்.

சித்த டாக்டருக்கு இங்கிலீஷ் மருத்துவம் தெரியுமா? அவர்களுக்கு உங்களுடையது தெரியுமா?

எங்கள் சித்த மருத்துவப் பட்டமான பிஎஸ்எம்எஸ் ஐந்தரை வருடப் படிப்பு. குணபாடம் (மருந்துப் பொருளியல்), நோய் நாடல் (நோயறிதல்) படித்த அதே கட்டடத்தில் உடற்கூறும் உடலியங்கியலும் நுண்ணுயிரியலும் படித்தோம். நாடி, நா, நிறம், மொழி, விழி, ஸ்பரிசம், மலம், நீர் என்ற எண்வகைத் தேர்வும் தெரியும், ரத்த ரிப்போர்ட்டும் படிக்கத் தெரியும்.

மறுபக்கம் அப்படி இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் பின்னால் வளர்ந்து ஜிப்மர் ஆனது. இருநூறு வருடப் பாரம்பரியம். அங்கே 2008இலிருந்து யோகா சிகிச்சைக்குத் தனி மையம் இருக்கிறது. அதே ஊரில் குயவர்பாளையத்தில் மத்திய அரசின் சித்த ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஆனாலும் எம்பிபிஎஸ் மாணவருக்கு நம் மருத்துவ முறைகளோடு பழக்கம் ஏற்படுத்த, 2021இல் வந்த விதிப்படி ஹவுஸ் சர்ஜன் காலத்தில் ஒரே ஒரு வாரம்தான். அதையும் பலர் எதிர்த்தார்கள். அவர்கள் சித்த வைத்தியம் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தம்மிடம் வரும் நோயாளி வீட்டில் என்ன அரைத்துக் குடிக்கிறார், அது தாம் எழுதும் மாத்திரையை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு வாரம் போதாது.

பரம்பரை வைத்தியரிடம் போகலாமா?

முறையான தகுதியும் பதிவும் இல்லாதவர் வைத்தியம் பார்க்க முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் அதுதான், நானும் ஏற்கிறேன். ஆனால் எங்கள் தாத்தா பட்டம் இல்லாத வைத்தியர். கருங்கல் கல்வத்தில் அவர் மருந்து அரைக்கும் சத்தத்தில்தான் நான் தூங்கி எழுந்தேன். வாசலில் வருகிறவரை ஏற இறங்கப் பார்ப்பார், கையைப் பிடிப்பார். சிலரிடம் மட்டும் “இது என் கைக்கு அடங்காது, மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரிக்கு வண்டி கட்டு” என்பார். காசு வாங்க மாட்டார். சாத்தியம், அசாத்தியம் என்று நோயைப் பிரித்துச் சொல்வது நம் வைத்தியத்திலேயே இருக்கிறது. எதையும் குணமாக்குவேன் என்கிறவர் எந்தப் பரம்பரையும் இல்லை.

இங்கிலீஷ் டாக்டரிடம் சொன்னால் திட்டுகிறாரே?

சிலர் திட்டுவார்கள். எனக்கு அது வருத்தம்தான். திட்டினால் அடுத்த முறை நீங்கள் சொல்ல மாட்டீர்கள், அதனால் யாருக்கும் நன்மையில்லை. “டாக்டர், நான் இந்தப் பொடியும் சாப்பிடுகிறேன், இந்த மாத்திரையோடு ஒத்துக்குமா?” என்று கேட்டுப் பாருங்கள். நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். அந்தக் காரணத்தை வந்து என்னிடம் சொல்லுங்கள்.

எங்கள் சுகாதார நிலையத்தில் பழக்கம் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒருமுறை ஒருவர் நேராக என் அறைக்கு வந்து வாய்வுக்குச் சூரணம் கேட்டார். வயிற்றின் மேல்பக்கம் பிசைகிறதாம், ராத்திரி சாப்பிட்ட கறி ஒத்துக்கொள்ளவில்லையாம். நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன். கை சில்லென்று ஈரமாக இருந்தது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. சூரணம் கொடுக்கவில்லை. சக்கர நாற்காலியில் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஈசிஜியில் மாரடைப்பு. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் கொடுத்து 108இல் ஜிப்மருக்கு அனுப்பினோம். ஸ்டென்ட் வைத்துத் திரும்பி வந்தவர், முதலில் என்னிடம்தான் வந்தார், பத்தியம் கேட்டு. என்ன எண்ணெய், எவ்வளவு உப்பு, எப்போது நடக்கலாம் என்று நானும் பக்கத்து அறை டாக்டரும் சேர்ந்துதான் சொன்னோம். அன்றிலிருந்து அந்த டாக்டர் என் நோயாளிகளிடம் தயங்காமல் “அம்மா என்ன எழுதியிருக்காங்க, காட்டுங்க” என்கிறார்.

ஓபிக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

எல்லாவற்றையும். மாத்திரை அட்டை, பொடி டப்பா, நாட்டு மருந்துக் கடைப் பொட்டலம், பக்கத்து வீட்டார் கொடுத்த லேகியம், பழைய ரிப்போர்ட். போன மாதம் முதுநகர்த் தாத்தா ஒருவர் மஞ்சள் பையை அப்படியே என் மேசையில் கவிழ்த்தார். ஒன்பது அட்டை, நான்கு பொட்டலம், பாதி காலியான ஓர் அரிஷ்ட பாட்டில். ஒரே பிரஷர் மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில் இருந்தது. இரண்டையும் சாப்பிட்டு வந்திருக்கிறார். பக்கத்து அறை டாக்டரைக் கூப்பிட்டேன். இருவரும் நின்றபடியே அரை மணி நேரம் பிரித்தோம். கடைசியில் ஐந்து மாத்திரையும் ஒரு தைலமும் மிஞ்சின. காலை, மதியம், இரவு என்று ஒரே அட்டையில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “அந்த லேகியம் இனிப்பா இருக்குமே, அதையாவது விடுங்க டாக்டரம்மா” என்றார். சுகர் 260. விடவில்லை.